உறுதி இல்லாத வீடு



பாட்டனும் பாட்டியும் வாழ்ந்த பழைய வீட்டை நினைவுகூர்வது தமிழ் எழுத்தில் ஒரு தனி வகையாகவே வளர்ந்திருக்கிறது. தஞ்சைப் பக்கத்து எழுத்தாளர் என்றால் திண்ணையும் கூடமும் கொல்லைப்புறமும் அதில் வரும். செட்டிநாட்டார் என்றால் வளவும் தேக்குத் தூண்களும் வரும். யாழ்ப்பாணத்தவர் நாற்சார் வீட்டையும் கிணற்றடித் துலாவையும் பனையோலை வேலியையும் எழுதுவார். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தும் புலம்பெயர்ந்தும் போன ஈழத்து எழுத்தாளர்கள், விட்டுவந்த வீட்டைப் பற்றி எழுதியவற்றைத் தொகுத்தால் அதுவே ஒரு பெரிய நூலாகும். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. அந்த வீடு அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. வீட்டை இழந்த பின்னும் அதன் காணி உறுதி ஒரு தகரப் பெட்டியின் அடியிலோ, தோளில் தொங்கும் ஒரு பையிலோ இருந்தது.

மலையகத்துப் பிள்ளை தன் பாட்டன் வீட்டைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எதை எழுதும்? இந்தக் கேள்வி எனக்கு வகுப்பறையில்தான் வந்தது. சில ஆண்டுகளுக்கு முன் பத்தாந் தர மாணவர்களுக்கு 'எனது பாட்டனார் வீடு' என்று ஒரு கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். தோட்டத்திலிருந்து வரும் மாணவன் ஒருவன் அழகாக எழுதியிருந்தான். பெரிய முற்றம், நடுவில் மாமரம், பின்னால் கிணறு, சாய்வு நாற்காலியில் பாட்டனார். "தம்பி, இந்த மாமரம் எந்தத் தோட்டத்தில இருக்கு?" என்று கேட்டேன். "கட்டுரைப் புத்தகத்தில இருக்கு சேர்" என்றான். வகுப்பு சிரித்தது. "உங்க தாத்தா வீடு எங்க இருக்கு?" என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துச் சொன்னான்: "அது வீடு இல்ல சேர், லயம்."

இந்தப் பதிலைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். லயம் வீடாகுமா?

என் தாயாரின் பெற்றோர் வாழ்ந்தது பசறைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில். பதுளையிலிருந்து பஸ் ஏறிப் பசறையில் இறங்கினால் மடுல்சீமை, லுணுகலை, நமுனுகுல என்று பாதைகள் பிரியும். நமுனுகுல மலை 2,000 மீற்றருக்கும் சற்று மேற்பட்ட உயரமுடையது. அந்த மலையைப் பார்த்தபடி தேயிலைக்கு நடுவே ஏறும் கல்லு ரோட்டில் நடந்து போக வேண்டும். எண்பதுகளின் கடைசியில், பாடசாலை விடுமுறை விட்டதும் அம்மா எங்களை அங்கே அழைத்துச் செல்வார். பத்துக் காம்பரா கொண்ட ஒற்றை லயம் அது. தாத்தாவும் அம்மாயியும் இருந்தது ஐந்தாவது காம்பராவில்.

லயன் காம்பராவுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு 10 அடிக்கு 12 அடி. முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு. உள்ளே அடுப்பு, படுக்கை, பெட்டி, சாமி படம் எல்லாம் ஒரே இடத்தில். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்ட இரட்டை லயங்களும் உண்டு. அவற்றோடு ஒப்பிட்டால் எங்கள் லயத்தார் பாக்கியசாலிகள். பின்பக்கம் ஒரு சிறு கதவும் அதை ஒட்டிக் கொஞ்சம் மண்ணும் இருந்தன.

இங்கே ஒரு தமிழாசிரியன் என்ற முறையில் சில சொற்களை நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. 'லயம்' என்பது வரிசையைக் குறிக்கும் 'லைன்' என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. 'காம்பரா' போர்த்துக்கேய மொழி வழியே வந்தது. 'இஸ்தோப்பு' ஒல்லாந்தச் சொல்லிலிருந்து சிங்களம் வழியாக நம்மிடம் வந்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று இந்த நாட்டை ஆண்ட மூன்று ஐரோப்பிய இனத்தாரும் 120 சதுர அடிக்குள் தத்தம் சொல்லை விட்டுச் சென்றிருக்கிறார்கள். கட்டடத்தை விட்டுவிட்டு அதற்குள் இருந்தவற்றைப் பாருங்கள். அடுப்பு, அம்மி, உரல், முறம், சுளகு, பாய், விளக்கு. இவை எல்லாம் தமிழ்ச் சொற்கள். கட்டடத்தின் பெயர்கள் ஆண்டவர்கள் தந்தவை. தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருள்களின் பெயர்கள் மட்டுமே நம்முடையவை. யாருக்கு எது சொந்தம் என்பதை மொழியே இவ்வாறு கணக்குப் போட்டு வைத்திருக்கிறது.

'வீடு' என்ற சொல்லும் சிந்திக்கத்தக்கது. அது 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்தது. வேலையை விட்டு வந்து தங்கும் இடம் என்றும் பற்றுகளை விட்ட நிலையாகிய வீடுபேறு என்றும் அதற்குப் பொருள் கொண்டனர் நம் முன்னோர். தோட்டத்து மக்களின் அனுபவத்தில் அந்தச் சொல்லுக்கு மூன்றாவது பொருளும் சேர்ந்துகொண்டது. வேலையை விட்டால் வீட்டையும் விட வேண்டும்.

தோட்டத்தில் யாருடைய பெயர் பதிவில் இருக்கிறதோ அவருக்கே காம்பரா என்பது நெடுங்கால வழக்கம். தாத்தாவுக்கும் அம்மாயிக்கும் வேலை செய்யும் வயது முடிந்த வேளையில், அந்தக் காம்பரா அவர்களிடம் இருக்க வேண்டுமானால் குடும்பத்தில் ஒருவர் 'பேர் போட' வேண்டியிருந்தது. என் இளைய மாமா க.பொ.த. சாதாரண தரம் சித்தியடைந்திருந்தார். அந்த லயத்தில் அப்படிச் சித்தியடைந்த முதல் ஆள் அவர். மேலே படிக்க வேண்டும் என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. ஆனால் அந்த ஆண்டு அவர் பாடசாலைக்குப் போகாமல் கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போனார். இது பற்றி அவர் யாரிடமும் குறை சொன்னதாக எனக்கு நினைவில்லை. அம்மாயி மட்டும் ஒருநாள் என் அம்மாவிடம் தாழ்ந்த குரலில், "நாங்க சாகுற வரைக்கும் ஒண்டிக்க ஒரு எடம் வேணும்னு அவன் படிப்ப வித்துட்டான் புள்ள" என்று சொன்னது காதில் விழுந்தது. அப்போது எனக்கு அதன் பொருள் விளங்கவில்லை. படிப்பை எந்தக் கடையில் வாங்குவார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே, பாட்டன் வீட்டில் நான் ஓடி விளையாடிய ஒவ்வொரு விடுமுறைக்கும் மாமா விலை கொடுத்திருக்கிறார். மலையகத்து வீட்டு நினைவுகளை எழுதுகிறவன் இந்த விலையையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று கருதுகிறேன்.

இனி, அந்தக் காம்பராவில் எங்களுக்கு இருந்த செல்வத்தைச் சொல்கிறேன்.

ஓகஸ்ட் விடுமுறை கச்சான் காற்றுக் காலம். ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைக் கொடுப்பது ஜூலை தொடங்கிச் செப்ரெம்பர் வரை வீசும் அந்த வறண்ட காற்றுத்தான். உலகச் சந்தையில் விலை பெறும் அதே காற்று எங்கள் கூரைத் தகரத்தைக் கிளப்பிக் கிளப்பி அடிக்கும். தகரம் பறக்காமலிருக்கக் கருங்கற்களை ஏற்றி வைத்திருப்பார்கள். இரவில் அந்தச் சத்தத்தில் நாங்கள் பயந்து விழித்தால் தாத்தா கதை சொல்லத் தொடங்குவார். பொன்னர் சங்கர் கதை, அல்லி அர்ச்சுனன் கதை, காமன் தகனமான கதை. மாசி மாதத்தில் காமன் கூத்துப் போடும் வழக்கம் மலையகமெங்கும் உண்டல்லவா? தாத்தா இளமையில் அதில் வேஷங் கட்டியவர். ஆகவே கதை பாதி பாட்டாகவே வரும்.

லயத்தில் காம்பராக்களுக்கு நடுவே உள்ள சுவர் கூரை வரை எழும்பாது. மேலே இடைவெளி. ஆகவே தாத்தா எங்களுக்குச் சொல்லும் கதை எங்களுக்கு மட்டும் உரியதல்ல. நாங்கள் பாதியில் தூங்கிப்போவோம். தாத்தா கதையை நிறுத்தினால் மூன்றாவது காம்பராவிலிருந்து ஒரு பாட்டியின் குரல் வரும்: "ஊம், அப்புறம்?" ஏழாவது காம்பராவிலிருந்து ஒருவர் இருமிவிட்டு, "அண்ணே, தங்காள் என்ன சொன்னா?" என்பார். இருட்டில் படுத்தபடியே ஒரு லயம் முழுவதும் ஊங்கொட்டிக் கதை கேட்கும். யாரோ ஒருவர் வீட்டில் வானொலிப் பெட்டி இருந்தால் போதும், இலங்கை வானொலியின் பாட்டும் நாடகமும் பத்துக் குடும்பத்துக்கும் கேட்கும். எழுதப் படிக்க வாய்ப்பு மறுக்கப்பட்ட ஒரு சமூகத்தில் கதையும் பாட்டும் எப்படித் தலைமுறை தலைமுறையாகத் தப்பிப் பிழைத்தன என்று ஆய்வாளர்கள் பல காரணம் கூறுவார்கள். சுவர் முழுமையாக இல்லாததும் அவற்றுள் ஒன்று என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் அதே இடைவெளி வழியாகத்தான் சண்டையும் அழுகையும் நோயாளியின் முனகலும் வந்தன. புதிதாகக் கலியாணமானவர்கள் இரகசியமாய்ப் பேச இடமில்லை. வயதுக்கு வந்த பெண்பிள்ளை உடை மாற்றுவதற்கு அடுப்படியில் சேலையொன்றைக் கட்டித் தொங்கவிட வேண்டும். கதை கேட்ட சுகத்தை மட்டும் சொல்லி இதை விட்டுவிட்டால் அது பொய்யாகிவிடும்.

அம்மாயி விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்துவிடுவார். மிளாறு போட்டு அடுப்பை மூட்டுவார். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் கிளைதான் மிளாறு. எங்கள் விறகு அதுவே. ரொட்டி சுட்டு, சம்பல் அரைத்து, சாயத்தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, அவர் வேலை செய்த காலத்தில் இடுப்பில் படங்கு கட்டிப் பெரட்டுக்களத்துக்கு ஓடுவாராம். நான் பார்த்த காலத்தில் வேலைக்குப் போகாவிட்டாலும் அந்த நேரத்துக்கு அவருக்கு விழிப்பு வந்துவிடும். இஸ்தோப்புத் தரையைச் சாணமிட்டு மெழுகுவார். வாரத்தில் இருநாள் அது தப்பாது. பின்பக்கத்து ஒரு பாய் அகல மண்ணில் கீரையும் அவரையும் பூசணியும் போட்டிருந்தார். இஸ்தோப்பின் ஓரத்தில் தாத்தா தம் கையால் ஓர் அரைச்சுவர் எழுப்பியிருந்தார். அந்த வீட்டில் எங்கள் குடும்பம் கட்டியது அந்த அரைச்சுவர் ஒன்றுதான். அதில் ஏறி உட்கார்ந்துதான் நான் எழுத்துக்கூட்டிப் பத்திரிகை வாசித்தேன்.

சொந்தமில்லாத இடத்தை ஏன் இப்படிப் பேண வேண்டும்? இந்தக் கேள்விக்கு அம்மாயி சொன்ன ஒரு சம்பவம் விடை தந்தது. அதற்குச் சிறிது வரலாற்றையும் நினைவுபடுத்த வேண்டும். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்ரோபர் 30இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 975,000 பேரை ஒரு பொருளாகக் கணக்கிட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று அது பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரையும் 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகப் போன குடும்பங்கள் பல. 1984இல் கப்பல் சேவை நின்றபோது அந்தப் பயணமும் நின்றது.

தாத்தாவின் தமையனாரும் அவ்வாறு போனவர்களுள் ஒருவர். அவர் இருந்தது அதே லயத்தின் எட்டாவது காம்பரா. பயணத்துக்கு முதல்நாள் அவர் சுண்ணாம்பு வாங்கிக் கரைத்து, காம்பரா முழுவதும் வெள்ளையடித்தாராம். நாளை விட்டுப்போகும் வீட்டுக்கு, அதுவும் தோட்டத்தின் வீட்டுக்கு, இது எதற்கு என்று எல்லோரும் கேட்டார்களாம். "அடுத்து ஒரு குடும்பம் வரும்ல. கரிப்புடிச்ச வீட்ட விட்டுட்டுப் போனா நம்மள என்னா நெனைப்பாங்க?" என்றாராம். மறுநாள் அம்மியைக் கொண்டுபோக முடியாமல் அம்மாயியிடம் கொடுத்துவிட்டு அவர் புறப்பட்டார். பின்னர் நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்கென்று தமிழ்நாட்டரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தார். அங்கேயும் அவருக்குக் கிடைத்தது ஒரு லயன் வீடுதான்.

நேயர்களே, ஒரு வீட்டை நம்முடையதாக்குவது எது? சட்டம் சொல்லும், உறுதிப் பத்திரம் என்று. சட்டத்தின் விடை சரியானதே. அது வேண்டாமென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பத்திரம் இல்லாத ஒரு மனிதர், விட்டுப்போகும் நாளில் முகமறியாத குடும்பமொன்றுக்காக வெள்ளையடித்தார் என்றால், அவர் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரராக வாழ்ந்திருக்கிறார் என்பதே என் எண்ணம். பிறப்பும் பூப்பும் கலியாணமும் சாவும் நடந்த இடம் அது. பெயர் சூட்டியதும் பிணம் எடுத்ததும் அதே இஸ்தோப்பில்தான். அதை வீடு இல்லை என்று சொல்ல நாம் யார்?

மலையக இலக்கியம் இந்தக் கேள்வியை மிக முன்னதாகவே எழுப்பிவிட்டது. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றவரும், எழுத்தாளருமான சி.வி. வேலுப்பிள்ளை தம் நாவலொன்றுக்கு இட்ட பெயர் 'வீடற்றவன்'. தெளிவத்தை ஜோசப், என்.எஸ்.எம். இராமையா முதலானோரின் கதைகளிலும் லயம் வெறும் பின்னணி அன்று; கதையை நடத்திச் செல்லும் நெருக்கடியே அதிலிருந்து பிறக்கிறது. இவர்களை எல்லாம் நாம் பரீட்சைக்குப் படித்திருக்கிறோம். ஆயினும் ஒரு தலைப்புக் கொடுத்து எழுதச் சொன்னால் நம் பிள்ளைகளுக்கு முதலில் நினைவு வருவது வேறோர் ஊரின் மாமரமும் கிணறும். இது மாணவனின் குறையன்று. அவன் வாழும் இடம் எழுத்துக்குத் தகுதியானது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அதேவேளை, லயத்தை நினைவுச் சின்னமாக்கிக் கொண்டாடுவதும் ஆபத்தானது. 2014 ஒக்ரோபர் 29 காலையில் இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தையில் மலை சரிந்து லயன்களை மூடியதை நாம் மறந்துவிட முடியாது. அந்த மண்ணுக்கடியில் பாட்டன் வீடும் பேரன் வீடும் ஒன்றாகவே போயின. 2025 நவம்பரில் டித்வா புயலின்போதும் மலையகச் சரிவுகளில் உயிர்களும் வீடுகளும் மண்ணுக்குள் போயின. பாதுகாப்பற்ற ஓர் இடத்தில் மக்கள் தொடர்ந்து இருக்க வேண்டும் என்று ஆசைப்படும் நினைவேக்கம் அன்பாகாது. லயம் போக வேண்டும். அதன் நினைவு போகக்கூடாது. இரண்டையும் சேர்த்துச் சொல்லும் பொறுப்பு நமக்கு இருக்கிறது.

மாற்றம் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. 7 பேர்ச், 10 பேர்ச் என்று காணித்துண்டும் தனி வீடும் வழங்கும் திட்டங்களால் சில ஆயிரம் குடும்பங்கள் லயத்தை விட்டு வெளியேறியுள்ளன. இந்திய வீடமைப்புத் திட்டத்தில் மலையகத்துக்கு முதலில் 4,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2017 மே மாதம் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. இன்னமும் லயத்திலேயே வாழும் குடும்பங்கள் ஏராளம். ஆனாலும், தன் பெயரில் உறுதி பெற்ற முதல் தலைமுறை உருவாகிவிட்டது. என் மாமாவின் மகளுக்கும் அப்படியொரு வீடு கிடைத்தது. படிப்பை விட்ட மாமா, அந்த உறுதியை எழுத்தெழுத்தாக வாசித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "நம்ம பேரு எங்கயோ ஒரு பேப்பர்ல இருக்கு, அது போதும்" என்றார். எங்கள் பழைய லயத்தில் பாதிக்கு மேல் கூரை கழற்றியாயிற்று. தாத்தா கட்டிய அரைச்சுவரில் இப்போது புல் முளைத்திருக்கிறது.

கட்டடம் போகும்போது அதனோடு போய்விடக்கூடியவை பல. காம்பரா, இஸ்தோப்பு, படங்கு, பெரட்டு, மிளாறு என்னும் சொற்கள் போய்விடும். ஊங்கொட்டிக் கேட்ட கதைகள் போய்விடும். யார் எந்தக் காம்பராவில் இருந்தார்கள், எந்த ஆண்டு கப்பலேறினார்கள், யார் யாருக்கு அம்மியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள் என்ற விவரங்கள் போய்விடும். இவை எந்தக் கந்தோர்ப் பதிவேட்டிலும் இல்லை. கம்பளைக்கு அருகே பழைய லயன் அறைகளிலேயே தோட்டத் தொழிலாளர் நூதனசாலை ஒன்று அமைத்திருக்கிறார்கள். பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு நூதனசாலை கட்ட முடியாது. ஒவ்வொரு லயத்துக்கும் ஓர் அப்பியாசக் கொப்பி இருந்தால் போதும்.

ஆசிரியர்களையும் பெற்றோரையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான். பிள்ளைகளைத் தாத்தாவிடமும் அம்மாயியிடமும் அப்பாயியிடமும் அனுப்புங்கள். எத்தனையாம் நம்பர் காம்பராவில் பிறந்தீர்கள், பக்கத்துக் காம்பராவில் யார் இருந்தார்கள், கூரை ஒழுகினால் எங்கே படுத்தீர்கள், என்ன கதை கேட்டீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்டதைக் கேட்டபடியே, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதச் சொல்லுங்கள். அதில் வரும் பேச்சு வழக்கைச் சிவப்பு மையால் வெட்டாதிருப்போம்.

2023இல் மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டு நிறைவையொட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். முன்னோர் நடந்த பாதையை அவர்கள் காலால் நினைவுகூர்ந்தார்கள். அந்த முன்னோர் நடந்து வந்து சேர்ந்த காம்பராக்களை நாம் எழுத்தால் நினைவுகூர்வோம். காணிக்கு உறுதி தருவது அரசின் கடமை. அதைக் கேட்டுப் பெறுவது மக்களின் உரிமை. அங்கே வாழ்ந்த வாழ்வுக்கு உறுதி எழுத வேண்டியவர்கள் பேரப்பிள்ளைகளாகிய நாம்தான். அதற்கு முத்திரைக் கட்டணம் இல்லை.